சுர்ரென்று இழுக்கும் லேப்டாப்

ஒரு பள்ளியிலிருந்து அழைப்பு. வகுப்பறை புரொஜெக்டரில் நீலத் திரை மட்டும் வருகிறது, ‘நோ சிக்னல்’ என்கிறது. நான் போய்ச் சேர்வதற்குள் அதே லேப்டாப்பை அடுத்த வகுப்பறைக்குத் தூக்கிக்கொண்டு போய், அங்கிருந்த புரொஜெக்டரிலும் செருகிப் பார்த்திருந்தார்கள். இப்போது இரண்டிலும் நீலத் திரை. விசாரித்தபோது ஆசிரியை ஒருவர் தயங்கித் தயங்கிச் சொன்னார்: “சார்ஜர் போட்டிருக்கும்போது அதைத் தொட்டா சுர்ருன்னு இழுக்கும் சார். எங்களுக்குப் பழகிடுச்சு.”

இரண்டாவது புரொஜெக்டர் பிழைத்திருக்கும். கெட்டது புரொஜெக்டரா லேப்டாப்பா என்று தெரிந்துகொள்ள எல்லோரும் செய்வதைத்தான் அவர்களும் செய்தார்கள். ஆனால் கோளாறு ஒரு கருவியிலிருந்து இன்னொன்றுக்குப் பாய்ந்திருந்தால், சோதிப்பதற்கு ஒரு வரிசை உண்டு. சந்தேகத்துக்குரிய லேப்டாப், அதன் சார்ஜர், அந்த எச்டிஎம்ஐ கேபிள் மூன்றையும் முதலில் ஓரமாக வைத்துவிட வேண்டும். யார் அடித்தது என்று தெரியும்வரை அவை வேறெதையும் தொடக் கூடாது.

இனி புரொஜெக்டர். நீலத் திரை வருகிறது என்பதே நல்ல செய்தி. விளக்கு எரிகிறது, பவர் சப்ளை வேலை செய்கிறது, படத்தை உருவாக்கும் பகுதி உயிரோடு இருக்கிறது. ரிமோட்டில் மெனுவை வரவழைத்துப் பாருங்கள். எழுத்துகள் தெளிவாக, நிறம் மாறாமல் தெரிந்தால் அடி வாங்கியது உள்ளீட்டுப் பகுதி மட்டும்தான். அடுத்து, பழைய விஜிஏ துளை வழியாகப் படம் வருகிறதா என்று பார்க்க வேண்டும். இதற்குச் சார்ஜரைக் கழற்றிவிட்டு பேட்டரியில் மட்டும் ஓடும் வேறொரு லேப்டாப் வேண்டும். மின்வாரிய லைனோடு தொடர்பே இல்லாத கருவி அது. அதிலிருந்து கசிய எதுவும் இல்லை. விஜிஏவில் படம் வந்தால் பழுது எச்டிஎம்ஐ பக்கம் என்று உறுதி.

எச்டிஎம்ஐ துளைக்குள் 19 முட்கள் இருக்கின்றன. படம் போகும் கம்பிகளைப் பற்றித்தான் எல்லோரும் கவலைப்படுவார்கள். எனக்கோ முதலில் கண் போவது கடைசி ஐந்து முள்ளின் மேல். 18-ஆவது முள்ளில் லேப்டாப் 5 வோல்ட் அனுப்பும். புரொஜெக்டர் பதிலுக்கு 19-ஆவது முள்ளில் ‘நான் இருக்கிறேன்’ என்று மின்னழுத்தம் காட்டும். அதன்பின் 15, 16-ஆம் முள் வழியாக, புரொஜெக்டருக்கு எந்த அளவுப் படம் பொருந்தும் என்ற குறிப்பை லேப்டாப் படித்துக்கொள்ளும். வழக்கமாக இவ்வளவும் முடிந்த பிறகுதான் படம் கிளம்பும்.

ஆகவே லேப்டாப் காட்டும் அறிகுறியிலேயே பாதி விடை இருக்கிறது. இரண்டாவது திரை இருப்பதே அதற்குத் தெரியவில்லை என்றால் 19-ஆவது முள் பக்கம் பார்க்க வேண்டும். திரை தெரிகிறது, ஆனால் பெயர் இல்லை, ஏதோ ஒரு குறைந்த அளவில் படம் வருகிறது என்றால் 15, 16. பதிப்புரிமைப் பூட்டுக்கான பேச்சும் அதே இரு கம்பிகளில்தான் நடக்கிறது. அதனால் டெஸ்க்டாப் தெரியும், கட்டணச் சினிமா மட்டும் ஓடாது என்ற வினோதமும் நேரும். படத்தில் புள்ளிகள் மின்னினால் படக் கம்பிகளில் ஒரு ஜோடி பலவீனப்பட்டிருக்கலாம். ஆனால் மோசமான கேபிளும் இதே வேலையைச் செய்யும் என்பதால் நல்ல கேபிளில் ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் போர்டைக் குறை சொல்ல வேண்டும்.

உறுதி செய்ய மல்டிமீட்டரை டயோடு நிலையில் வைத்து, சிவப்பு முனையைக் கிரவுண்டிலும் கறுப்பு முனையை ஒவ்வொரு முள்ளிலும் தொட்டுப் பார்ப்பேன். கருவி மின்சாரத்திலிருந்து முழுக்கக் கழற்றப்பட்டிருக்க வேண்டும்; உள்ளே பெரிய கெபாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் தேங்கி நிற்கும், அனுபவமில்லாதவர்கள் மூடியைத் திறக்கவே வேண்டாம். இரண்டாவது எச்டிஎம்ஐ துளை இருந்தால் அதுதான் சிறந்த ஒப்பீடு. நல்ல துளையில் 0.5 காட்டும் முள் அடி வாங்கிய துளையில் பூஜ்யம் காட்டினால், அங்கே ஐசி ஷார்ட்.

சரி, அடித்தது எது? லேப்டாப் சார்ஜருக்குள், மின் இரைச்சலை அடக்குவதற்காகச் சிறிய கெபாசிட்டர்கள் இருக்கும். அவற்றின் வழியாக வெளிப்படும் கசிவு, எர்த் கம்பி வழியே மண்ணுக்குப் போக வேண்டும் என்பதுதான் ஏற்பாடு. எர்த் இல்லையென்றால் அது போக வழியின்றி லேப்டாப்பின் பாடியிலேயே நிற்கும். 230 வோல்ட் லைனில் ஏறத்தாழ அதில் பாதி, 115 வோல்ட் வரை மீட்டரில் காட்டும். 2.2 நானோஃபாரட் கெபாசிட்டர் வழியே பாய்வது 0.16 மில்லிஆம்பியர்தான். நமக்கு ஒரு சுர்ர். ஆனால் 3.3 வோல்ட்டில் வாழும் ஐசிக்கு அது வேறு கணக்கு. கேபிளைச் செருகும்போது உலோக ஓடு முதலில் தொட்டுவிட்டால் இரண்டு பாடியும் சமமாகிவிடும். துளை தேய்ந்து, கோணலாகச் செருகி, முள் முதலில் தொட்டால் அத்தனையும் அந்த முள் வழியாகப் பாயும். டிஷ் ஆண்டெனா கேபிள் பூட்டிய செட்டாப் பாக்ஸிலும் இதே கதைதான்; மழைக்காலத்தில் இடியும் சேர்ந்துகொள்ளும்.

கசிவா, உண்மையான ஷார்ட்டா என்று பிரித்துப் பார்ப்பது உயிர் சம்பந்தப்பட்டது. எலக்ட்ரீஷியன் செய்ய வேண்டிய வேலை. லேப்டாப்பின் எச்டிஎம்ஐ ஓட்டுக்கும், சரியென்று தெரிந்த எர்த்துக்கும் நடுவே ஏசி வோல்ட் அளக்க வேண்டும். பிறகு அதே இரு முனைகளுக்கும் நடுவே 100 கிலோ ஓம், 1 வாட் ரெசிஸ்டர் ஒன்றைச் சேர்க்க வேண்டும். வெறும் கசிவென்றால் நூற்றுச் சொச்சம் காட்டிய மீட்டர் பதினைந்து, இருபதுக்கு விழுந்துவிடும். விழாமல் அப்படியே நின்றால் அந்தச் சார்ஜரை அன்றே ஒதுக்கிவிட வேண்டும். புரொஜெக்டர் போனது அங்கே சின்ன விஷயம்.

புரொஜெக்டருக்கு இனி என்ன வழி? ஐசி மட்டும் போயிருந்தால் கைதேர்ந்தவர்கள் மாற்றித் தருவார்கள். மெயின் போர்டையே மாற்றச் சொன்னால், விஜிஏ துளையை வைத்து ஒரு சிறிய கன்வெர்ட்டரோடு ஓட்டுவதே வகுப்பறைக்குப் போதும் என்பேன். ஆப்டிகல் எச்டிஎம்ஐ கேபிள் போட்டால் பாதுகாப்பு என்று கடையில் சொல்வார்கள். அவற்றில் பலவற்றுக்குள் செம்புக் கம்பிகளும் ஓடுகின்றன, கசிவு அவற்றில் தாராளமாகப் போகும். செலவில்லாத பழக்கம் ஒன்று இருக்கிறது: எல்லாவற்றையும் அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, கேபிளை முழுதாகச் செருகிய பிறகே மின்சாரம் கொடுப்பது.

அந்தப் பள்ளியில் லேப்டாப் சார்ஜர் மூன்று முள் கொண்டதுதான். அது செருகியிருந்த ஜங்ஷன் பாக்ஸிலும் மூன்று துளை இருந்தது. திறந்து பார்த்தேன். உள்ளே வந்தது இரண்டு கம்பி. எர்த் துளைக்குப் பின்னால் ஒன்றுமே இல்லை. சுவர் பிளக்கில் எர்த் சரியாக இருப்பதை அளந்துகொண்டு, மூன்று கம்பி ஒயரை இழுத்துப் பூட்டினேன். 96 காட்டிய மீட்டர் ஒரு வோல்ட்டுக்கும் கீழே வந்தது. ஆசிரியை முதலில் புறங்கையால் லேப்டாப்பைத் தொட்டுப் பார்த்தார். பிறகு உள்ளங்கையை வைத்து, கொஞ்ச நேரம் எடுக்காமலே நின்றார்.