தளபதியை எதைக்கொண்டு அளப்பது?



சென்ற ஞாயிறு பூசைக்குப் பின் கோயில் முற்றத்தில் வாலிபர் சிலர் வாதாடிக்கொண்டிருந்தார்கள். 1983 முதல் 2009 வரை நடந்த இலங்கை உள்நாட்டுப் போரில் மகா மோசமான தளபதி யார் என்பதே வாதம். "தோற்றவன்தான்" என்றான் ஒருவன். வன்னியிலிருந்து அகதியாக வந்த ஒரு தாய் அதைக் கேட்டு ஒன்றும் பேசாமல் அப்பால் போனாள்.

தோல்விதானா அளவுகோல்?

1997 மே மாதம், வவுனியாவிலிருந்து கிளிநொச்சிக்குத் தரைவழி திறக்க இலங்கை ராணுவம் 'ஜெயசிக்குறு' என்ற படையெடுப்பைத் தொடங்கியது. 'வெற்றி நிச்சயம்' என்பது அதன் பொருள். அப்போது பாதுகாப்புத் துணை அமைச்சர் அனுருத்த ரத்வத்தை. ஒன்றரை ஆண்டுக்கு மேல் போரிட்டு, ஆயிரத்துக்கும் அதிகமான சிப்பாய்கள் மடிந்தும் வழி திறக்கவில்லை. பிடித்த ஊர்களும் 1999 நவம்பரில் சில நாட்களில் பறிபோயின. திட்டம் பிழைத்தவர்களைப் பதவியிலிருந்து இறக்குவது நியாயம். ஆனால் பிழை வேறு, பாதகம் வேறு.

1990 அக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கிலிருந்த முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். யாழ்ப்பாணத்தில் கொடுத்த கெடு இரண்டே மணி நேரம். அன்று புலிகள் எந்தப் போரிலும் தோற்கவில்லை. 2009-ல் அரசாங்கமே பாதுகாப்பு வலயம் என்று அறிவித்த இடத்தில் குண்டுகள் விழுந்தன என்றும், தப்பியோடிய சனங்களைப் புலிகள் சுட்டார்கள் என்றும் ஐக்கிய நாடுகள் நியமித்த நிபுணர் குழு 2011-ல் அறிக்கை தந்தது. ஒரு பக்கம் வென்றது, மறுபக்கம் தோற்றது. பிள்ளையைப் பறிகொடுத்தவளுக்கு அதில் என்ன வித்தியாசம்?

"போர் முடிந்ததே, அதனால் எத்தனையோ உயிர் பிழைத்ததல்லவா?" என்பீர்கள். பிழைத்தது நன்மையே. ஆயினும் நல்ல பலன் கெட்ட செய்கையைக் கழுவாது என்று ஞானோபதேச வகுப்பில் படித்தோமல்லவா? ஆகையால், தன் கையில் ஒப்புவிக்கப்பட்ட உயிர்களையும் தன் துப்பாக்கிக்கு எதிரே அகப்பட்ட ஏழைகளையும் அற்பமாக எண்ணியவனே மோசமான தளபதி. வெற்றி மாலை அவன் குற்றத்தை மறைக்கலாம், நீக்காது. அவன் ஆத்துமத்தைத் தீர்ப்பிடுவது சர்வேசுரனுக்குரியது. செய்கையை அதற்குரிய பெயரிட்டு அழைப்பதோ நமது கடமை.

நம் கையின் கீழும் ஆட்கள் இருக்கிறார்கள். பனியன் கம்பெனியில் ஆர்டர் குறித்த நாளில் போய்ச் சேர்ந்தது. ஆனால் மூன்று இரவு தொடர்ந்து விழித்த பெண் தையல் மெஷின்மேல் மயங்கி விழுந்தாள். அந்தச் சூப்பர்வைசர் வென்றவரா, தோற்றவரா?

இன்றிரவு ஆத்தும சோதனையில் இதையும் கேட்டுப் பாருங்கள்.

உங்கள் பங்குக் குரு