தெரிதலும் தெளிதலும்: வீட்டு வழங்கி எழுப்பும் ஓர் அறவினா

தனக்குரிய பொருளைத் தன் வீட்டிலேயே வைத்துப் பேணுதல் மனித இயல்பு. அதற்கு நியாயம் கூறவேண்டிய தேவை முன்னர் எவருக்கும் எழுந்ததில்லை. இன்றோ, ஒருவருடைய கடிதங்களும் புகைப்படங்களும் கணக்குகளும் பெரும்பாலும் அவர் கண்டறியாத இடங்களில், பெருநிறுவனங்களின் கணினிக் கூடங்களில் உறைகின்றன. இந்நிலையை ஏற்க மறுத்து, வீட்டின் ஒரு மூலையிலே சிறு கணினியொன்றை இரவு பகலாக இயங்கவிட்டு, மின்னஞ்சலையும் கோப்புகளையும் அதிலேயே வைத்துக் காப்போர் உலகெங்கும் உளர். அக்கணினி வீட்டு வழங்கி எனப்படும். அவ்வாறு செய்வோருள்ளும் ஒரு சிறுபான்மையினர், பலரும் அறிந்த பணிசெயல் முறைமைகளை விடுத்து, ஓப்பன் பி.எஸ்.டி. போன்று மிகச் சிலரே கையாளும் திறந்த மூல முறைமையொன்றைத் தெரிந்தெடுக்கின்றனர். அவர்கள் தம் செயலுக்குக் கூறும் காரணம் சுதந்திரம் என்பதாகும். பிறரைச் சாராதிருத்தலே சுதந்திரமாயின், அதனை அவர்கள் எய்திவிட்டனரா என்பது ஆராயத்தக்கது.

முதலில் அம்முறைமையின் இயல்பை நோக்குதல் பொருந்தும். நெற் பி.எஸ்.டி. என்னும் திட்டத்திலிருந்து 1994ஆம் ஆண்டின் இறுதியில் விலக நேர்ந்த தியோ டி ராட், 1995இல் கனடாவின் கல்கரி நகரிலிருந்து ஓப்பன் பி.எஸ்.டி.யைத் தொடங்கினார். அதன் மூலநிரலை எவரும் படிக்கலாம், திருத்தலாம், பிறருக்கு வழங்கலாம். முறைமை நிறுவப்பட்டதும், இன்றியமையாதன தவிர்ந்த சேவைகள் மூடப்பட்டே இருக்கும். வேண்டிய சேவையை, வேண்டியவரே கைந்நூலைப் படித்துத் திறத்தல் வேண்டும். தொலைவிலுள்ள கணினியோடு பாதுகாப்பாகத் தொடர்புகொள்ள உலகெங்கும் பயன்படும் ஓப்பன் எஸ்.எஸ்.எச். என்னும் மென்பொருள், 1999இல் இத்திட்டத்தினரிடமிருந்தே வெளிவந்தது. பெயரைக் கேட்டறியாத பெருந்தொகையினரும் இச்சிறு கூட்டத்தினரின் உழைப்பால் பயனடைகின்றனர்.

‘மூலநிரல் கண்முன்னே இருக்கின்றது, ஆகவே எவரையும் நம்பவேண்டியதில்லை’ என்பர் சிலர். இக்கூற்று ஆராய்ச்சிக்கு நில்லாது. யுனிக்ஸ் முறைமையை உருவாக்கியோருள் ஒருவரான கென் தொம்சன், டியூரிங் விருதினை ஏற்று ஆற்றி, 1984இல் அச்சான உரையிலே இதனை ஐயந்திரிபற விளக்கினார். மூலநிரலை இயந்திரமொழிக்கு மாற்றும் தொகுப்பானிலே ஒரு வஞ்சகத்தைப் புகுத்திவிட்டால், மூலநிரலில் எச்சுவடும் இன்றியே அது தலைமுறை தலைமுறையாகத் தொடர இயலும் என்பதை அவர் காட்டினார். தாமே முழுவதையும் ஆக்காத எவரும் எங்கோ ஓரிடத்தில் பிறரை நம்பியே ஆகவேண்டும். மூலநிரல் முழுவதையும் படிக்கும் ஆற்றலும் அவகாசமும் வீட்டு வழங்கியை நடத்துவோருள் எத்தனை பேருக்கு உண்டு? கணினியின் சில்லு, மின்சாரம், இணைய இணைப்பு என்பனவும் பிறர் கையிலேயே உள்ளன.

பலரும் படிக்கத்தக்கது என்பதனால் ஒன்று படிக்கப்பட்டுவிட்டது என்றும் ஆகாது. ஓப்பன் பி.எஸ்.டி.யின் அஞ்சல் மென்பொருளிலே 2018இல் நுழைந்த ஒரு வழு, 2020 ஜனவரியில் வெளியார் கண்டுரைக்கும் வரை திறந்த மூலநிரலிலேயே கிடந்தது. அதன் வழியே கணினியின் முழு அதிகாரத்தையும் பிறர் கைப்பற்ற முடிந்தது. முறைமை நிறுவப்பட்ட நிலையில் அம்மென்பொருள் உள்ளூர் அஞ்சலை மட்டுமே ஏற்றமையால், தொடக்க அமைப்பின் பாதுகாப்புப் பற்றித் திட்டத்தினர் கூறிவந்த பெருமைக்கு இழுக்கு நேரவில்லை. ஆயின், வெளியிலிருந்து அஞ்சல் பெறுவதற்காகக் கதவைத் திறந்துவைத்த வீட்டாருக்கு அப்பெருமை காவலாகவில்லை. திறந்தவரின் பொறுப்பு, திறந்த கணத்திலேயே தொடங்கிவிடுகின்றது.

அவ்வாறாயின் அவர்கள் நாடிய சுதந்திரம் வெறும் மயக்கமோ? அன்று. பழந்தமிழிலே ‘தெளிதல்’ என்னும் சொல் ஐயம் நீங்குதலையும் நம்புதலையும் ஒருங்கே குறித்தது. திருக்குறளின் பொருட்பாலிலே ‘தெரிந்து தெளிதல்’ என ஓர் அதிகாரமே அமைந்துள்ளது. ஆராய்ந்து, அதன் பின்னர் நம்புதல் என்பது அத்தொடரின் கருத்து. நம்பிக்கையே வேண்டாம் என அது கூறவில்லை. இவ்வடிப்படையில் நோக்குமிடத்து, சார்பு இருவகைப்படும். வினா எழுப்ப இடந்தராத சார்பு ஒன்று; வினா எழுப்பவும், விடை பொருந்தாதவிடத்து வேறு வழி தேடவும் இடந்தரும் சார்பு மற்றையது. 2014 ஏப்பிரலில், இணையப் பாதுகாப்புக்குப் பெரிதும் பயன்பட்ட ஓப்பன் எஸ்.எஸ்.எல். என்னும் மென்பொருளிலே ‘ஹார்ட்பிளீட்’ எனப் பெயர்பெற்ற வழு வெளிப்பட்டபோது, ஓப்பன் பி.எஸ்.டி. திட்டத்தினர் அம்மூலநிரலையே எடுத்து, வேண்டாதவற்றைக் களைந்து, லிப்ரே எஸ்.எஸ்.எல். எனத் தனியே வளர்க்கத் தொடங்கினர். நம்பிக்கை சிதைந்த இடத்திலே செயலுக்கு வழி இருந்தது. மூடிய முறைமையிலே பயனாளருக்கு எஞ்சுவன முறையீடும் வெளியேற்றமுமே.

இனி, இவ்வினாவின் கடினமான பகுதி வீட்டினுள்ளேயே உள்ளது. வழங்கியை நடத்துபவர் பெரும்பாலும் தமக்கு மட்டும் அதனை நடத்துவதில்லை. மனைவியின் கடிதங்களும் பிள்ளைகளின் படங்களும் பெற்றோரின் மருத்துவக் குறிப்புகளும் அதிலே சேர்கின்றன. அவர்கள் எவரும் அம்முறைமையைத் தெரிந்தெடுத்தவரல்லர். தனித்து மறைகுறியாக்கப்படாத கோப்பு எதனையும் வழங்கியின் தலைமைக் கணக்கை உடையவர் திறந்து படிக்க முடியும். நிறுவனத்துக்கு வழங்க மறுத்த அதிகாரத்தை, அவர் தம் வீட்டாரின் மீது தாமே பெற்றுவிடுகின்றார். நிறுவனங்களைச் சட்டமாவது ஓரளவு கட்டுப்படுத்தும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2018 முதல் நடைமுறையிலுள்ள தரவுப் பாதுகாப்பு ஒழுங்குவிதி, முற்றிலும் தனிப்பட்ட அல்லது வீட்டுச் செயற்பாடுகளைத் தன் எல்லைக்குப் புறம்பாக்கியுள்ளது. அங்கே வீட்டு வழங்கியின் மீது காவலாக நிற்பது பெரும்பாலும் அவர்தம் மனச்சான்று ஒன்றே.

அருகிய முறைமையாயிருத்தல் இப்பொறுப்பை மேலும் கனமாக்குகின்றது. ஓப்பன் பி.எஸ்.டி. ஏறத்தாழ ஆறு மாதங்களுக்கு ஒருமுறை புதிய வெளியீட்டைத் தருகின்றது. அண்மைய இரு வெளியீடுகளுக்கே திருத்தங்கள் கிடைக்கும். ஓராண்டளவு கவனிப்பாரற்றுக் கிடக்கும் வழங்கி, காவலற்ற வழங்கியாகும். பிறர் கைப்படின் அது அயலாரைத் தாக்கும் கருவியாகவும் மாறும். நடத்துபவர் நோயுற்றாலோ இறந்தாலோ அவரிடத்தை நிரப்பத்தக்கவர், முறைமை அருகியதாகும் அளவுக்கு அரியராவர். தந்தை மறைந்த துயரோடு, அவர் சேர்த்துவைத்த படங்களையும் திறக்க இயலாது நிற்கும் பிள்ளைகளுக்கு, அவருடைய சுதந்திரம் எவ்வாறு பொருள்படும்?

ஆகவே, நிறுவனத்திடம் ஒருவர் எவற்றைக் கோரினாரோ அவற்றைத் தம் வீட்டாருக்கு வழங்க அவர் கடமைப்பட்டவராகின்றார். அவை வெளிப்படைத்தன்மை, வினவும் உரிமை, விலகும் உரிமை என்பனவாம். எது எங்கே உள்ளது என்பதைச் சாதாரண மொழியிலே எழுதிவைத்தல், சாதாரணக் கணினியிலும் திறக்கத்தக்க படியொன்றைப் பேணுதல், நம்பகமான மற்றொருவரிடமும் கடவுச்சொற்களை ஒப்படைத்தல், வேறு சேவையை விரும்புவோரைப் பழியாது விடுதல் ஆகியன இக்கடமையின் நடைமுறை வடிவங்கள். இவற்றுக்கு நேரமோ மனமோ இல்லாதவர் நிறுவனமொன்றின் சேவையைத் தெரிந்து கொள்வது இழிவன்று, நேர்மையான முடிவேயாகும்.

ஆராய்ந்து நம்பும் உரிமையை ஒருவர் தமக்கு மட்டும் வைத்துக்கொண்டு, தம்மைச் சார்ந்தோரிடம் ஆராயா நம்பிக்கையை எதிர்பார்ப்பாராயின், அவர் ஆதிக்கத்தை ஒழித்தவராகார். அதனை வீட்டுக்குள் கொணர்ந்தவராவார். வீட்டு வழங்கியொன்றின் அறத்தகுதியை அது எத்தனை ஆண்டுகள் தடையின்றி இயங்கியது என்பதைக் கொண்டு மதிப்பிடல் போதாது. நடத்துபவர் இல்லாத நாளிலும் வீட்டார் தமக்குரியதைத் தாமே எடுத்துக்கொள்ள இயலுமா என்பதைக் கொண்டே அது மதிப்பிடப்படல் வேண்டும்.