விரல்களும் பெயர்களும்

கோவையில் மோட்டார் உதிரிபாகங்கள் செய்யும் ஒரு பட்டறையில் ஆறு வருடம் வேலை பார்த்தேன். டிப்ளமோ முடித்திருந்ததால் எனக்குத் தரம் பார்க்கும் மேசை கிடைத்தது. பவர் பிரஸ்ஸில் நின்றவர்கள் பெரும்பாலும் பெண்கள். தகட்டுத் துண்டைக் கையால் டைக்குள் வைக்க வேண்டும், கையை வெளியே எடுக்க வேண்டும், காலால் பெடலை அழுத்த வேண்டும். ஒரு ஷிப்டில் ஆயிரக்கணக்கான தடவை இதையே செய்ய வேண்டும். ஒரே ஒரு தடவை கை முந்துவதற்குள் கால் முந்திவிட்டால் விரல் போய்விடும். நான் இருந்த காலத்தில் இரண்டு பேருக்குப் போனது.

இரண்டாவது விபத்துக்குப் பிறகு ஒரு சின்ன மாற்றம் வந்தது. தகரத்தில் சரிவான ஒரு தடம். அதன் மேல்முனையில் துண்டை வைத்து மரக்குச்சியால் தள்ளினால், அது இறங்கிப் போய் டைக்குள் சரியான இடத்தில் தடுத்து நிற்கும். கை உள்ளே போகவே வேண்டாம். அந்த வருடம் ஆயுத பூஜையன்று அதற்காகச் சூப்பர்வைசருக்குப் பரிசு கொடுத்தார்கள். படம் வரைந்து அவரிடம் கொடுத்தவள் நான். அன்றிரவு அழுதேன். பிறகு பல வருடங்கள், பெண்கள் கூடுகிற இடங்களிலெல்லாம் இந்தக் கதையைச் சொல்லியிருக்கிறேன்: "நான் கண்டுபிடித்ததை ஒரு ஆண் தன் பெயரில் போட்டுக்கொண்டான்."

அந்த வாக்கியம் முழு உண்மை இல்லை. அதை எனக்குப் புரியவைத்தவர்கள் 19ஆம் நூற்றாண்டின் இரண்டு அமெரிக்கப் பெண்கள்.

முதலாமவர் மார்கரெட் நைட். 1838இல் பிறந்தவர். சிறு வயதிலேயே பஞ்சாலைக்கு வேலைக்குப் போனவர். தறியிலிருந்து தெறித்த நாடா ஒரு தொழிலாளியைக் காயப்படுத்தியதைக் கண்டு, அதைத் தடுக்க ஒரு சாதனத்தை யோசித்தார் என்று அவர் வரலாறு சொல்கிறது. அதற்கு அவர் காப்புரிமை வாங்கவில்லை. பின்னாளில் தட்டையான அடியுள்ள காகிதப் பையைச் செய்யும் இயந்திரத்தை உருவாக்கினார். அதன் இரும்பு மாதிரி பட்டறையில் தயாராகும்போதே அதைப் பார்த்த சார்லஸ் அன்னான் என்பவர், தன் பெயரில் காப்புரிமைக்கு விண்ணப்பித்துவிட்டார். நைட் வழக்காடினார். வரைபடங்கள், குறிப்புகள், மாதிரிகள், சாட்சிகள் எல்லாவற்றையும் கொண்டுபோய் வைத்தார். வென்றார். 1871இல் காப்புரிமை அவர் பெயருக்கே வந்தது. 1890களில் செருப்பு அடித்தோலை வெட்டும் இயந்திரங்களுக்கும் காப்புரிமை பெற்றார்.

இரண்டாமவர் தபிதா பாபிட். மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஷேக்கர் என்ற சமயக் குழுவில் வாழ்ந்தவர். அங்கே சொத்து எல்லோருக்கும் பொது. காப்புரிமை கேட்பதைப் பொதுவாகத் தவிர்த்தார்கள். இரண்டு ஆண்கள் ஒரு நீள ரம்பத்தை இழுத்து இழுத்து மரம் அறுப்பதை அவர் பார்த்தாராம். இழுப்பில் பாதி வீண். ஒரு பக்கம் போகும்போதுதான் பல் வெட்டுகிறது. அப்படியானால் பல்லை ஒரு வட்டத்தில் வைத்துச் சுழலவிட்டால் என்ன? தகர வட்டத்தில் பற்கள் வெட்டி, தன் நூற்பு ராட்டையில் மாட்டிப் பார்த்தார் என்பது கதை. 1813 என்று வருடமும் சொல்கிறார்கள்.

எனக்கு மிகவும் பிடித்த கதை இது. ராட்டை முன்னால் உட்கார்ந்த பெண்ணுக்குத்தானே சுழற்சியின் அருமை தெரியும்! ஆனால் வட்ட ரம்பத்தைக் குறிப்பிடும் காப்புரிமை ஒன்றை 1777இலேயே இங்கிலாந்தில் சாமுவேல் மில்லர் என்பவர் பெற்றிருக்கிறார். ஷேக்கர்களிலேயே வேறு ஆட்களின் பெயர்களும் சொல்லப்படுகின்றன. பாபிட் தானாகவே அதை யோசித்திருக்கலாம், யோசிக்காமலும் இருந்திருக்கலாம். காகிதம் இல்லை. "முதல் பெண்" என்று எழுத ஆசையாக இருந்தாலும், நிரூபிக்க முடியாததை நாம் உறுதியாகச் சொல்லக்கூடாது. அடுத்த தலைமுறைப் பெண்களுக்கு நாம் கொடுப்பது நம்பத்தகுந்த வரலாறாக இருக்க வேண்டும்.

இவ்விருவரையும் அடுத்தடுத்து வைத்தபோது ஒன்று உறைத்தது. நைட் வென்றதற்கு அவர் அறிவு மட்டும் காரணமில்லை. அவரிடம் காகிதம் இருந்தது. பாபிட்டிடம் இல்லை. என் பட்டறையில் காகிதம் யாரிடம் இருந்தது? என்னிடம்.

ஏனென்றால் அந்தச் சரிவுத் தடத்தை யோசித்தது நான் இல்லை. மூன்றாம் எண் பிரஸ்ஸில் நின்ற ஒரு அக்கா. பத்தாவதுகூட முடிக்காதவர். "ரேஷன் கடையில சக்கரை தகரத்துல சரிஞ்சு பைக்குள்ள விழுதில்ல கண்ணு, அதுமாதிரி ஒண்ணு இங்க வெச்சா என்ன?" என்று சாப்பாட்டு நேரத்தில் கேட்டார். எண்ணெய் டின் தகரத்தை வளைத்துக் காட்டியதும் அவர்தான். நான் அளவெடுத்தேன், வரைந்தேன். வரைந்ததும் வேலைதான், சரிவு எத்தனை, தடுப்பு எங்கே என்று கணக்குப் போட்டேன். ஆனால் ஊருக்குச் சொன்ன கதையில் அக்கா இல்லை. சூப்பர்வைசர் எனக்குச் செய்ததை நான் அவருக்குச் செய்திருந்தேன். எனக்கும் அக்காவுக்கும் நடுவே இருந்தது படிப்பு. ஆண் செய்தால் திருட்டு என்றும், நான் செய்தால் மறதி என்றும் எப்படிச் சொல்வேன்?

நம் நாட்டின் 1970ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டத்தில் 28ஆம் பிரிவு என்று ஒன்று உண்டு. காப்புரிமை முதலாளியிடமோ கம்பெனியிடமோ இருந்தாலும், கண்டுபிடித்தவர் தன் பெயரை அதில் குறிப்பிடச் சொல்லிக் கேட்கலாம். அப்படிக் குறிப்பிடுவதால் பணமோ உரிமையோ வராது. வெறும் பெயர்தான். பணம் வராத பெயருக்குச் சட்டத்தில் எதற்கு ஒரு தனிப் பிரிவு? உடைமை வேறு, "இது இவர் மனதில் தோன்றியது" என்ற உண்மை வேறு என்பதால்தான். உடைமையை விற்கலாம், எழுதிக் கொடுக்கலாம். அந்த உண்மையை விற்க முடியாது.

"பேருக்காகவா செஞ்சோம்? வேலை நடந்தா சரி" என்று பெண்களிடம் காலங்காலமாகச் சொல்கிறார்கள். நாமும் சொல்லிக்கொள்கிறோம். பாபிட்டின் குழுவில் அது துறவு. ஆணும் பெண்ணும் சேர்ந்து ஏற்றுக்கொண்ட நெறி. ஆனால் துறப்பதற்கு முதலில் கையில் ஏதாவது இருக்க வேண்டும். கேட்கவே படாத ஒருத்தியின் மௌனத்தைத் துறவு என்று புகழ்வது மோசடி.

போன மாதம் அக்காவுக்குப் போன் செய்தேன். பத்து வருடம் தாமதமாக, மன்னிப்பும் கேட்டேன். சிரித்தார். "அந்தப் பிள்ளைக விரல் பத்தும் இருக்குதில்ல, விடு" என்றார். "இதை எழுதப்போகிறேன், உங்கள் பெயரைப் போடட்டுமா?" என்றேன். சிறிது நேரம் பேச்சில்லை. "போட்டுறாத கண்ணு. நான் இன்னும் அங்கதான் வேலைக்குப் போறேன்."

ஆகவே இந்தக் கட்டுரையிலும் அவர் பெயர் இல்லை. இந்தத் தடவை கேட்டுவிட்டுத்தான் விட்டிருக்கிறேன். ஆனாலும் வேலை போய்விடுமோ என்ற பயத்தில் சொன்ன 'வேண்டாம்' அது, துறவு இல்லை. அவர் அந்தப் பயமில்லாமல் 'வேண்டாம்' என்றோ 'போடு' என்றோ சொல்லக்கூடிய நாள் வரும்வரை, என்னால் செய்ய முடிந்தது ஒன்றுதான். அந்தக் கதையை இனி "நான் கண்டுபிடித்தேன்" என்று தொடங்க மாட்டேன். "மூன்றாம் எண் பிரஸ்ஸில் ஒரு அக்கா இருந்தார்" என்று தொடங்குவேன்.