கண்ணாடிக்குள் கடல்: காத்தலா, கட்டுதலா?

கொல்லாமையே தலையாய அறம் என்பதில் நமக்குள் கருத்து வேறுபாடு இல்லை. ஆனால் கொல்லாதிருந்தால் மட்டும் அவ்வறம் நிறைவுற்றுவிடுமா என்னும் வினா, ஒவ்வொரு தலைமுறையிலும் புதிய வடிவில் எழுகின்றது. இன்று அது ஓர் அழகிய கண்ணாடித் தொட்டியின் வடிவில் எழுந்துள்ளது. நன்னீரில் வண்ணமீன் வளர்த்தவர்கள், கடல்நீரும் பவளமும் கோமாளி மீனும் கொண்ட தொட்டியை வரவேற்பறையில் வைக்க விரும்புகின்றனர். "இதில் கொலை இல்லையே; வேளை தவறாமல் உணவளித்துக் காக்கின்றோமே; இதுவும் ஜீவகாருண்யம் அன்றோ?" என்று கேட்பாரும் உளர். இவ்வினாவை எள்ளி ஒதுக்காமல் ஆராய்வது நம் கடமை.

இல்லறத்தார் ஏற்கும் அகிம்சை அணுவிரதத்தை மாசுபடுத்தும் குற்றங்கள் ஐந்து என்கிறது தத்துவார்த்த சூத்திரம். கட்டிவைத்தல், அடித்தல், உறுப்பை அறுத்தல், அளவுக்கு மீறிச் சுமை ஏற்றுதல், உணவும் நீரும் மறுத்தல் என்பன அவை. இவற்றுள் கொலை இடம்பெறவில்லை. கொல்லாதவனும் செய்யக்கூடிய குற்றங்களே இங்கு எண்ணப்படுகின்றன. அவற்றுள் முதலாவதாக நிற்பது கட்டிவைத்தல். தன் விருப்பப்படி இயங்கும் உயிரைத் தடுத்து அடைப்பதே குற்றம் என்றால், கண்ணாடிச் சுவர் தெளிவாக இருப்பதனால் அது சிறை ஆகாமற் போகாது.

"மீனுக்கு உயிர் உண்டு, சரி, பவளம் வெறும் கல்தானே?" என்று சிலர் வினவலாம். பவளம் நுண்ணிய உயிர்கள் பல கூடி வாழும் குடியிருப்பு என்றும், அவற்றின் உடலுக்குள் பாசியுயிர்கள் தங்கி உணவு ஆக்கித் தருகின்றன என்றும் இன்றைய அறிவியல் கூறுகின்றது. சாந்திசூரி இயற்றிய ஜீவவிசாரமோ பவளத்தை மண்ணையே உடலாகக் கொண்ட உயிர்களின் வரிசையில் வைத்தது. வகைப்பாடு வேறு, எனினும், உயிரற்ற பொருள் என்று இரண்டுமே சொல்லவில்லை. ஆகவே எந்த வழியில் நோக்கினும் நமக்குப் பொறுப்பு உண்டு.

அப்பொறுப்பின் அளவை விருதுநகர்ச் சீமையில் வைத்துப் பார்ப்போம். கடற்கரையே இல்லாத மாவட்டம் இது. தூத்துக்குடிக் கடல் விருதுநகரிலிருந்து ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. கடலில் ஒரு கிலோ நீருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்பு உண்டு. கரிசல் வெயிலில் 100 லிட்டர்த் தொட்டியில் 10 லிட்டர் நீர் ஆவியாகிவிட்டால், உப்பு அங்கேயே தங்கி அதன் செறிவு 39-ஐ எட்டிவிடும். குறைந்ததை உப்புநீரால் நிரப்பினால் நிலை மேலும் கெடும். சுத்திகரித்த நன்னீரால்தான் நிரப்ப வேண்டும். வெப்பம் 24 முதல் 27 பாகைக்குள் நிற்க வேண்டும். வெப்பம் மிகுந்து நீடித்தால் பவளம் தன்னுள் வாழும் பாசியை வெளியேற்றி வெளுத்துப்போகும். மன்னார் வளைகுடாவிலேயே 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் இவ்வாறு நேர்ந்தது. விசிறி வைத்து நீரைக் குளிர்வித்தால் நீர் இன்னும் விரைவாக ஆவியாகும். ஒரு குறையைத் தீர்க்கப் போனால் மற்றொன்று முளைக்கின்றது.

கழிவின் கதையும் இதுவே. மீனின் எச்சமும் மிஞ்சிய உணவும் அம்மோனியா என்னும் நஞ்சாகின்றன. அதனை நைட்ரைட்டாகவும் பின்னர் நைட்ரேட்டாகவும் மாற்றும் நுண்ணுயிர்கள் தொட்டியில் நிலைபெற நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகும். அதற்கு முன் மீனை விடுபவன் அதனை நஞ்சில் விடுகின்றான். மின்சாரம் சில மணிநேரம் நின்றாலும் நீரோட்டம் நின்று உயிர்வளி குறைந்துவிடும். அலைகளும் ஆழமும் எண்ணற்ற உயிர்களும் இடையறாது செய்யும் பணியைத் தனியொருவன் தன் தோளில் ஏற்றுக்கொள்கின்றான். அவன் வெளியூர்த் திருமணத்திற்குச் சென்றாலும் அப்பணிக்கு விடுமுறை இல்லை.

கவனமின்மையோடு கூடிய செயலால் உயிருக்கு ஊறு விளைவித்தலே இம்சை என்று தத்துவார்த்த சூத்திரம் இலக்கணம் வகுக்கின்றது. வள்ளுவரும் பொச்சாவாமைக்குத் தனி அதிகாரம் தந்தார். இதன் பொருளைச் சிவகாசி மக்களுக்கு விளக்க வேண்டியதில்லை. வெயில் ஏறுமுன் மருந்து கலக்க வேண்டும், ஓர் அறையில் நால்வருக்கு மேல் கூடாது என்னும் கட்டுப்பாடுகள் எல்லாம் கணநேரச் சோர்வும் உயிர்குடிக்கும் என்பதனால் எழுந்தவை. 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் நேர்ந்த வெடிவிபத்தில் முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர், நாடே கலங்கியது. தொட்டியில் நேரும் சோர்வுக்கோ ஓசை இல்லை. பிழை செய்தவன் நலமாக இருக்கின்றான். பிழையில் பங்கே இல்லாத வாயில்லா உயிர் மடிகின்றது. கேட்பார் இல்லாத இடத்தில்தான் கவனம் இருமடங்காக வேண்டும்.

இவ்வளவு கவனத்தையும் ஒருவர் செலுத்துகிறார் என்றே கொள்வோம். அப்போதும் தொட்டி கொலையின்றி நடவாது. பவளத்தைச் சுட்டுப் பரவும் சிறு கடற்சாமந்திகளைக் களையென்று கருதிச் சுண்ணாம்புக் குழம்பு செலுத்தி அழிக்கின்றனர். உயிருள்ள நுண்ணிரையை மட்டுமே ஏற்கும் சில மீன்கள், அது கிடைக்காமல் தொட்டியில் பட்டினியால் மெலிகின்றன. கடல்வண்ண மீன்களுள் பெரும்பாலான இனங்கள் இன்றும் கடலில் பிடிக்கப்படுபவையே. பிலிப்பைன்ஸ் கடலில் சயனைடு நஞ்சு தெளித்து மயக்கிப் பிடிக்கும் வழக்கமும் இருந்துவந்துள்ளது. மண்டபத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் கோமாளி மீனைக் குஞ்சு பொரிக்கச் செய்து வளர்க்கின்றனர். இதனால் கடலிலிருந்து பிடிக்கும் குற்றம் குறையும். அடைத்துவைக்கும் குற்றம் குறையாது.

மன்னார் வளைகுடாப் பவளப்பாறைகள் சுண்ணாம்புக்காகப் பல்லாண்டுகள் வெட்டப்பட்டன. அங்குள்ள 21 தீவுகளுள் இரண்டு கடலில் மூழ்கிவிட்டன. தொட்டி வைப்பவரோ பவளம் வளர அதே சுண்ணாம்பைக் கரைத்துச் சொட்டுச் சொட்டாக விடுகின்றார்! 1986-இல் அப்பகுதி கடல்சார் தேசியப் பூங்கா ஆயிற்று. 2001-இல் கல்பவளங்களும் கடல்விசிறிகளும் கடற்குதிரைகளும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. அவற்றைக் கடலிலிருந்து எடுப்பது அறத்திற்கு மட்டுமன்றிச் சட்டத்திற்கும் புறம்பானது.

"நம் சமூகத்தார் நடத்தும் பிஞ்சராபோல்களிலும் உயிர்கள் அடைக்கப்பட்டுத்தானே உள்ளன?" என்னும் மறுப்பு வலுவானதே. விடை நோக்கத்தில் உள்ளது. அங்குப் புகும் பசு போக்கிடம் அற்றது. காப்பு அதன் தேவைக்காக. தில்லிச் செங்கோட்டைக்கு எதிரே உள்ள நம் பறவை மருத்துவமனையில் நலமுற்ற பறவையை வானில் பறக்கவிடுகின்றனர். கூண்டிற்குத் திருப்பி அனுப்புவதில்லை. தொட்டி மீனுக்கோ நோயும் இல்லை, போக்கிடமும் இருந்தது. நம் கண்களுக்கு விருந்து வேண்டும் என்பதைத் தவிர அதனைப் பிரித்துக் கொணர வேறு காரணம் இல்லை. முன்னது தயை, பின்னது மிகுபொருள் விருப்பம்.

எனவே புதிதாகத் தொடங்க எண்ணுவோர்க்கு, தொடங்க வேண்டா என்பதே நம் வேண்டுகோள். ஏற்கெனவே வைத்திருப்போர் இதனைப் படித்து மனம் மாறி, மீன்களைக் கண்மாயில் விட்டுவிடலாகாது. நன்னீரில் அவை மடியும். கடலில் விட்டால் நோயும் அயலினமும் பரவும். உள்ள உயிர்களை அவற்றின் ஆயுள் முடியும்வரை காப்பதே இனி அறம். உப்பையும் வெப்பத்தையும் நாள்தோறும் அளவிடுக. வாரந்தோறும் நீரில் பத்தில் ஒரு பங்கை மாற்றுக. மின்தடைக்கு மின்கல விசைக்குழாய் வைத்திருக்க. இடம் இருக்கிறதென்று உயிர்களைச் சேர்க்காதீர். இறந்ததற்கு ஈடாக மற்றொன்று வாங்காதீர். சட்டம் காக்கும் பவளம் இருப்பின் வனத்துறையினரிடம் தெரிவித்து அவர் சொற்படி நடக்க. இவ்வாறு காத்துவரின், தொட்டி வெறுமையாகும் நாள் ஒரு விரதம் நிறைவேறிய நாளாகும்.

அழகை விரும்புவது குற்றமன்று. சிவகாசி நாட்காட்டியின் வண்ணத்தாளில் பவளப்பாறை எவ்வுயிர்க்கும் ஊறின்றி மலர்ந்து நிற்கின்றது. கண்டு மகிழ்வதற்கு ஒரு பொருள் நம்முடையதாக இருக்க வேண்டியதில்லை என்று உணர்வதே மிகுபொருள் விரும்பாமையின் முதற்படி. கடலைக் கடலிலேயே வாழவிடுவோம். அறம் வளர்க!