மூங்கில் வனத்து எழுவர்: மரபை மீறுதலும் மெய்யொழுக்கமும்

சடங்கு வேறு, ஒழுக்கம் வேறு என்று சொல்லுதல் எளிது. ஆனால் மரபை மீறும் ஒருவன் உண்மையின் பொருட்டு மீறுகின்றானா, தன் வசதியின் பொருட்டு மீறுகின்றானா என்று அறிவது எங்ஙனம்? இவ்வினாவை உள்ளத்திற்கொண்டு, ஆயிரத்து எழுநூறு ஆண்டுகளுக்கு முன் சீன நாட்டில் வாழ்ந்த அறிஞர் எழுவரின் வரலாற்றை ஈண்டு நோக்குவோம்.

காலமும் சூழலும்

கி.பி. 220இல் ஹான் பேரரசு முடிவுற்றது. வடபகுதியில் வெய் அரசு எழுந்தது. 249இல் சிமா யீ என்னும் படைத்தலைவர் அவ்வரசின் அதிகாரத்தைத் தம் கைக்குள் கொணர்ந்தார். 260இல், அவர் குடும்பத்தை எதிர்த்தெழுந்த இளம் பேரரசர் சாவோ மாவோ, அக்குடும்பத்தைச் சார்ந்தோரால் கொல்லப்பட்டார்.

இவ்வாறு ஆட்சியைப் பற்றியவர்கள், கன்ஃபூசியர் வழிவந்த பெற்றோர் பேணலையும் துக்க விதிகளையும் தம் ஆட்சியின் அறமாகப் பறைசாற்றினர். தந்தை, மகன், அரசன், குடி என்னும் பெயர்களுக்குரிய கடமைகளைப் பிறழாது செய்க என்பது அந்நெறி. அதனைப் 'பெயர்நெறி' எனலாம். அரசனிடம் காட்டவேண்டிய உண்மையை அவர்களால் வாய்திறந்து பேச இயலவில்லை. ஆகவே பெற்றோரிடம் காட்டவேண்டிய அன்பை மிகுதியாகப் பேசினர் என்று, லூ சுன் என்னும் சீன எழுத்தாளர் 1927இல் ஆற்றிய உரையொன்றில் சுட்டிக்காட்டினார்.

அக்காலத்தில் ஜி காங், ருவான் ஜி, ஷான் தாவோ, ஷியாங் ஷியூ, லியூ லிங், ருவான் ஷியான், வாங் ரோங் ஆகிய எழுவர் மூங்கில் வனத்தில் கூடி மதுவருந்தியும் இசைமீட்டியும் தத்துவம் பேசியும் வாழ்ந்தனர் என்பர் பிற்காலத்தார். 1960இல் நான்ஜிங் நகரருகே அகழ்ந்தெடுக்கப்பட்ட கல்லறையொன்றின் செங்கற் சுவரில் இவ்வெழுவரும் மரநிழலில் அமர்ந்திருக்கக் காண்கிறோம்.

ருவான் ஜியின் துயரம்

தாய் இறந்தால் மகன் பல மாதங்கள் மதுவும் ஊனும் விலக்கி நோன்பு காத்தல் வேண்டும் என்பது சீன விதி. ருவான் ஜியோ தாயின் அடக்கத்தன்று ஊன் உண்டார், மதுவும் குடித்தார். பின்னர் ஒரே ஒரு முறை ஓலமிட்டுக் குருதி கக்கினார். உடல் மெலிந்து எலும்பாயினார். அவரை நாடுகடத்த வேண்டும் என்று அமைச்சர் ஒருவர் அவையில் முறையிட்டார். விதியைக் காத்தோர் பலர் இருந்தனர். அவரைப்போல் துயருற்றோர் எத்தனைபேர் என்பதே நம் முன் நிற்கும் கேள்வி.

மதுவை நாம் ஏற்கமாட்டோம். அது அவருக்கும் முழுத்துணையாகவில்லை. சிமா ஜாவோ தம் மகனுக்கு ருவான் ஜியின் மகளை மணம்பேச எண்ணியபோது, அவர் அறுபது நாள் இடைவிடாது குடித்து அப்பேச்சே எழாமற் செய்தாராம். ஆயினும் 263இல், அதே சிமா ஜாவோ உயர்பட்டத்தை ஏற்றருள வேண்டும் என்னும் விண்ணப்பத்தை அவர் கையே எழுதிற்று. மயக்கத்தின் பின்னே ஒளிந்துகொள்பவன் எந்நாளும் ஒளிந்திருக்க இயலாது.

ஜி காங்கின் வெளிப்படைமை

ஜி காங் ஒளியாதவர். உள்ளத்தில் உள்ளதை மறைப்பதே கீழ்மை என்று கட்டுரையொன்றில் வாதிட்டார். அதில், ஹான் காலத்து அதிகாரியான திவு லுன் என்பவர் கூறிய செய்தியை எடுத்தாள்கிறார். அண்ணன் மகன் நோயுற்றபோது ஓரிரவில் பத்துமுறை சென்று பார்த்தேன். ஆனால் திரும்பிவந்து நன்றாக உறங்கினேன். என் மகன் நோயுற்றபோது சென்று பார்க்கவில்லை. ஆனால் இரவெல்லாம் உறக்கமில்லை. இது தன்னலமன்றோ என்பது திவு லுன் கூறியதன் கருத்து. ஜி காங் தரும் விடை நுண்ணியது: அது குறைதான், ஆனால் வெளிப்படக் கூறியதால் தன்னலமாகாது. குறையுடைமையும் குறையை மறைத்தலும் ஒன்றல்ல என்னும் இத்தெளிவு எக்காலத்திற்கும் உரியது.

அவர் இரும்பு அடித்து மகிழ்ந்தவர். செல்வாக்குமிக்க ஜோங் ஹுய் என்பவர் பரிவாரத்துடன் காணவந்தபோதும் சம்மட்டியைக் கீழே வைக்கவில்லை. பின்னர் அவர் நண்பர் லூ ஆன் மீது, தாயை மதியாதவர் என்று உடன்பிறந்த அண்ணனே பொய்க்குற்றம் சாட்டினான். தம் மனைவிக்கு அவ்வண்ணன் இழைத்த கொடுமையை லூ ஆன் அறிந்திருந்ததே காரணம். பெற்றோர் பேணல் என்னும் புனிதச்சொல் இங்கே கொலைக்கருவியாயிற்று. நண்பருக்காகச் சான்று கூறிய ஜி காங்கும் சிறைப்பட்டார். ஜோங் ஹுய் பழிதீர்த்தார். அரசுக் கல்விக்கழக மாணவர் மூவாயிரவர் அவரைத் தமக்கு ஆசானாக அளிக்குமாறு வேண்டியும் பயனில்லை. ஏறத்தாழ 40ஆம் வயதில், கொலைக்களத்தில் நரம்பிசைக் கருவியை மீட்டி இசைத்தபின் அவர் உயிர்நீத்தார்.

பின்பற்றியோர்

அடுத்த தலைமுறையில், 290களில், உயர்குடி இளைஞர் சிலர் ஆடைகளைந்து குடித்துக் கூத்தாடுவதையே விடுதலை என்றனர். இவர்களைத் தாய் குய் என்னும் அறிஞர் பின்னாளில் கண்டித்தார். எழுவரும் நோயினால் புருவம் நெரித்தவர். இவர்களோ நோயின்றியே அந்நெரிப்பைப் பழகியவர் என்பது அவர் கருத்து. முன்னோர் தம் மீறலுக்குத் தாமே விலை கொடுத்தனர். பின்னோர் விலையின்றிப் பெயர் தேடினர். நம் வினாவிற்குரிய அளவுகோல் இங்கே கிடைக்கின்றது.

மக்களுக்கு உரைத்தவை

இன்னும் ஒன்று உண்டு. ருவான் ஜியின் மகன் தந்தையைப்போல் வாழ விழைந்தான். நம் குடும்பத்தில் ருவான் ஷியான் ஒருவன் சேர்ந்ததே போதும், உனக்கு இது வேண்டா என்று தந்தை தடுத்துவிட்டார். ஜி காங் தம் மகனுக்கென எழுதிய அறிவுரையில், பிறரைக் குடிக்குமாறு வற்புறுத்தாதே, தன்னைக் கட்டுப்படுத்த இயலாத அளவிற்குக் குடியாதே, மேலோரிடம் மரியாதையோடும் அளவோடும் பழகு என்றெல்லாம் பணித்தார். தாம் மீறியது பொய்யாகிவிட்ட சடங்கையே. அடக்கத்தையும் பண்பையும் அல்ல என்பதை இதனினும் தெளிவாக அவர்கள் கூறியிருக்க இயலாது.

பதவிக்குத் தம்மைப் பரிந்துரைத்த ஷான் தாவோவிடம் நட்பை முறித்து மடல் எழுதியவர் ஜி காங். எனினும் இறக்குமுன் தம் பத்துவயது மகன் ஜி ஷாவோவை அந்த ஷான் தாவோவையே நம்பி விட்டுச்சென்றார். அவரும் நம்பிக்கையைக் காத்து, பின்னாளில் அம்மகனை அரசுப்பணிக்கு அழைத்தார். 304இல் போர்க்களத்தில் எல்லோரும் ஓடியபோது, ஜி ஷாவோ மட்டும் சிமா குலத்துப் பேரரசரைத் தம் உடலால் மறைத்து மடிந்தார். தந்தையைக் கொன்ற குலத்திற்காக மகன் இறந்தது தகுமா என்று சீன அறிஞர் நெடுங்காலம் வாதிட்டனர். தந்தை ஏற்ற நெறி வேறு. மகன் ஏற்ற நெறி வேறு. இருவருமே தாம் மெய்யென்று கொண்டதற்குத் தம் உயிரையே ஈடாக வைத்தனர்.

நாமும் நம் இல்லங்களில் சில முறைகளைக் காக்கின்றோம், சிலவற்றை விடுகின்றோம். காப்பது பிறர் மதிப்பிற்காகவா, விடுவது நம் சோம்பலுக்காகவா என்று இரண்டையும் ஒருசேர வினவுதல் நம் கடன். அவ்வினாவிற்கு நம் பிள்ளைகளின் முகம்நோக்கி விடைகூற முற்படுவோமாக.