மிர் இஸ்ட் கால்ட்

குளிரில் நடுங்கும் ஜெர்மானியர் 'மிர் இஸ்ட் கால்ட்' என்பார். 'மிர்' என்றால் எனக்கு. 'எனக்குக் குளிருது' என்று நாம் சொல்வது போலவேதான். குமட்டலும் தலைசுற்றலும்கூட அங்கே 'எனக்கு' வருபவையே. 'நான்' என்று தொடங்கி 'இஷ் பின் கால்ட்' என்றால் ஈரமில்லாத மனிதன் என்றாகிவிடும். ஆங்கிலம் வழியாக ஜெர்மன் படிக்கும் நம் பிள்ளைகள் இங்கேதான் வழுக்குகிறார்கள். தமிழிலிருந்து நேராகப் போகலாம், பாதை திறந்தே இருக்கிறது.

எல்லாமே அப்படி இல்லை. பசி, காய்ச்சல், தலைவலி மூன்றும் அவர்களிடம் 'இருக்கின்றன'. களைப்பு வந்தால் மட்டும் 'நான்' களைத்தவன். இதில் தத்துவம் தேடாதிருப்பது நல்லது.

*

'கிரைஸ்லாவ்ஃப்' என்றால் இரத்த ஓட்டம். ஆனால் எழுந்து நின்றதும் கண் இருட்டினாலோ, புழுக்கத்தில் கைகால் வெலவெலத்தாலோ, 'எனக்குக் கிரைஸ்லாவ்ஃப்' என்பார்கள். இரத்த ஓட்டம் இல்லாதவர் யார் என்று கேட்கத் தோன்றும். யாரும் கேட்பதில்லை. படுக்கவைத்துக் காலை உயர்த்துகிறார்கள், குடிக்கத் தண்ணீர் தருகிறார்கள். வெந்நீரும் பச்சைத் தண்ணீருமாக மாற்றி மாற்றிக் குளிக்கச் சொல்கிறார்கள். மருந்துக்கடையில் இதற்கென்றே சொட்டு மருந்து விற்கிறது.

லின் பேயர் என்ற அமெரிக்கப் பத்திரிகையாளர் நான்கு நாடுகளின் மருத்துவத்தை ஒப்பிட்டு 1988இல் ஒரு நூல் எழுதினார். தாழ்ந்த இரத்த அழுத்தத்தை மேற்கு ஜெர்மனி மருத்துவர்கள் மருந்து கொடுக்க வேண்டிய நோயாகப் பார்த்ததும், இங்கிலாந்தில் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாததும் அதில் வருகின்றன. அளவுமானி காட்டும் எண் ஒன்றுதான். கடலைத் தாண்டினால் நோயாளி வீட்டுக்குப் போகலாம்.

பெயர் வைத்ததால்தான் நோய் வந்தது என்று சொல்ல எனக்குத் துணிவில்லை. கண் இருட்டுவது மெய். பெயர் இருப்பதால் கூட்டத்தில் ஒருவர் எழுந்து நாற்காலி தருகிறார், அவ்வளவுதான். அது சின்ன விஷயமும் இல்லை.

*

குனிந்து நிமிரும்போது இடுப்பில் வெட்டி இழுக்கிறதே, அதற்கு 'ஹெக்ஸன்ஷுஸ்' என்று பெயர்: சூனியக்காரி எய்தது. நாம் 'பிடிப்பு' என்கிறோம். பிடித்தவர் யாரென்று சொல்வதில்லை.

*

ஜெர்மனிக்குப் படிக்கவோ வேலைக்கோ போகிறவர்களுக்கு ஒன்று. நம் மருத்துவமனைகளில் 'ஆஞ்சைனா' என்றால் இதயத்தோடு சேர்ந்த நெஞ்சுவலி. அங்கே வெறுமனே 'அங்கீனா' என்றால் டான்சில் வீக்கம், தொண்டை நோவு. நெஞ்சு வலித்தால் அந்தச் சொல்லை விட்டுவிடுங்கள். 'ப்ருஸ்ட்ஷ்மெர்ட்ஸன்' என்று சொல்லி 112ஐ அழையுங்கள்.