சார்ந்ததன் வண்ணம்

(மானகிரி. ஒரு வீட்டு முகப்பு. சுவரில் பழைய ஊசல் கடிகாரம்.)

சீடன்: ஐயா, இது சித்திரையில் பின்தங்குகிறது, மார்கழியில் முந்துகிறது.

குரு: பித்தளைத் தண்டு வெயிலில் நீள்கிறது. பத்து டிகிரி ஏறினால் நாளுக்கு எட்டு வினாடி போச்சு.

சீடன்: அணுக்கருக் கடிகாரத்துக்கு இந்தத் தொல்லை இல்லையாமே?

குரு: குறைவு என்று சொல். அதற்கு வேண்டியது தோரியம்-229. மணவாளக்குறிச்சி மணலில் கிடைப்பது தோரியம்-232. 229ஓ யுரேனியம்-233 சிதைந்து பிறப்பது. கால்சியம் ஃபுளூரைடு படிகத்தில், கால்சியத்தின் இடத்தில் தோரியத்தைக் குடியேற்றி, 148 நானோமீட்டர் லேசரால் அதன் கருவைக் கிளர்ந்த நிலைக்கு எழுப்பினார்கள் ஆய்வாளர்கள். அது 2024இல்.

சீடன்: கருவோ அணுவின் நடுவில். வெளியே இருக்கும் படிகம் அதை எப்படித் தீண்டும்?

குரு: கரு வெறும் புள்ளியா? பருமன் உண்டு. சில எலக்ட்ரான்கள் அதற்குள்ளேயே புகுந்து வருகின்றன. அடிநிலையிலும் கிளர்ந்த நிலையிலும் அந்தப் பருமன் இம்மியளவு வேறு. ஆகவே உள்ளே எலக்ட்ரான் அடர்த்தி மாறினால், கருவை எழுப்பும் அதிர்வெண்ணும் மாறும். போதாக்குறைக்குக் கரு முழு உருண்டையும் அல்ல, சற்று நீண்டது. சுற்றியுள்ள அணுக்களின் மின்புலம் எல்லாப் பக்கமும் ஒரே சீராக இராததால், நிறமாலையில் ஒரு கோடு பல கோடாகப் பிரிகிறது. படிகம் சூடேறி விரிந்தால் எல்லாமே நகரும்.

சீடன்: எவ்வளவு?

குரு: அமெரிக்காவில் ஜிலா ஆய்வகத்தார் படிகத்தை மைனஸ் 123 டிகிரியிலிருந்து 20 டிகிரி வரை மாற்றிப் பார்த்தார்கள். அதிகம் அசையாத கோடு 62 கிலோஹெர்ட்ஸ்தான் நகர்ந்தது. மொத்த அதிர்வெண் 2,020 டெராஹெர்ட்ஸ். நாள் கணக்கில், ஒரு வினாடியைப் பத்து லட்சமாகப் பங்கிட்டால் மூன்று பங்குகூட வராது.

சீடன்: பிறகென்ன, விட்டுவிடலாமே!

குரு: நம் முகப்புக்குத் தாராளம். பதினெட்டாவது தசம இடம் வரை கேட்பவர்களுக்கு அது பெரிய ஓட்டை.

சீடன்: ஆன்மா சார்ந்ததன் வண்ணமாகும் என்று சைவ சித்தாந்தத்தில் படித்தோம். அங்கே உவமையாக வரும் பளிங்கு, இங்கே நிஜமாகவே வந்துவிட்டது. ஆனால் சார்பை விலக்க வழி இருக்குமே?

குரு: வெற்றிடத்தில் ஒற்றை அயனியாகப் பிடித்து வைக்கலாம். மூன்று எலக்ட்ரானை உருவினாலும் 87 மிஞ்சும்.

சீடன்: அத்தனையையும் உரித்தால் உண்மையான அதிர்வெண் வருமல்லவா?

குரு: வேறொரு அதிர்வெண் வரும். அதுதான் உண்மை என்று எதை வைத்துச் சொல்வாய்? சித்தாந்தத்திலும் ஆன்மா எதையும் சாராமல் நிற்பதில்லை. பாசமாகிய கட்டை விட்டால் பதியாகிய இறைவனைச் சாரும். ஆகவேதான் ஆய்வாளர்கள் வெறும் எண்ணைச் சொல்லி நிறுத்துவதில்லை. எந்தப் படிகம், எத்தனை டிகிரி, எந்தக் கோடு என்று சேர்த்தே எழுதுகிறார்கள்.